அண்ணன் விட்டுக்கொடுத்த வேலை

சின்னேரிப்பட்டு,
கீழ்பென்னாத்தூர் வழி.
டிசம்பர் 10

அண்ணனுக்கு,

தேவிப்ரியா எழுதுவது. அப்பா நலம். அம்மாவுக்கு முட்டிவலி வழக்கம்போல. மாடுகூட நலம். நான் மட்டும் நலமில்லை. உன் நலத்தைக் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன், நலமா?

உன் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான், எடுக்க மாட்டேன். "உனக்கு எதுக்குடி கவர்மெண்டு வேலை" என்று கேட்டாயே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் தபாலில் திட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் கிராம உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன் அல்லவா, அதற்கு நேர்முகம் வரப்போகிறதாம். ஊருக்கு ஒரே இடம். முதலில் தமிழ் வாசிக்கச் சொல்வார்கள், எழுதச் சொல்வார்கள். அப்புறம் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். பி.காம். படித்தவள், வாசிப்பேன், எழுதுவேன். சைக்கிளுக்கு நான் எங்கே போவேன்?

பதினொன்றாவது படிக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டு எனக்கு அரசாங்கம் ஒரு சைக்கிள் கொடுத்தது. ஓட்டத் தெரியாததால் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். வாசலில் வைத்து அப்பா சொன்னார், "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு, பஸ்ல போவட்டும். குமரேசன் பால் கேன் மாட்டிக்கினு போவான்." உனக்குக் கொடுத்த சைக்கிளை நீ அதற்குள் உடைத்துத் தீர்த்திருந்தாய். அன்று சாயங்காலமே என்னுடையதில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "தேவி, நீயும் ஓட்டிப் பாரு" என்று சொன்னாயா? சொல்லவில்லை.

அவலூர்பேட்டையிலிருந்து வேணு என்று ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நெல் அறுக்கும் வண்டி வைத்திருக்கிறாராம். "வேலை கெடச்சா பாக்கலாம், இல்லன்னா வைகாசில கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார். வேலை கிடைக்காது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொல்கிறார். எனக்கு அது தெரியும்.

தீபத்துக்கும் நீ வரவில்லை. ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது, அம்மா மட்டும் பஸ் வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொங்கலுக்காவது வந்து எனக்கு சைக்கிள் கற்றுக்கொடு.

கோபம் ஆறாத,
தேவிப்ரியா


ஒரகடம்
டிசம்பர் 21

அன்புத் தங்கை தேவிக்கு,

குமரேசன் எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீ திட்டி எழுதிய கடிதத்தை ரூம்காரன் மாறனுக்கும் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி கலெக்டரே ஆவாங்கடா" என்றான். மாறன் இங்கே ஒரு மெஸ்ஸில் சமையல் செய்கிறான். நல்ல பிள்ளை.

என் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நைட் ஷிப்ட், தூக்கக் கலக்கம். சைக்கிள் விஷயத்தில் நீ சொல்வதெல்லாம் சரி. அப்பா கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

நேர்முகத்துக்கு நான் சொல்வதைக் கேட்டுக்கொள். காட்டன் புடவை கட்டிக்கொண்டு போ. பளபளவென்று எதுவும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் பொதுவாக ஒரு வணக்கம் போதும், ஆளுக்கு ஒன்று போடாதே. தெரியாததைக் கேட்டால் "தெரியாதுங்க ஐயா, தெரிஞ்சுக்கறேன்" என்று சொல், சுற்றி வளைக்காதே. நம் ஊர் ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, புறம்போக்கு எங்கெங்கே இருக்கிறது, இதெல்லாம் கேட்பார்கள். ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டால் பொதுமக்களுக்குச் சேவை செய்ய என்று சொல். கொஞ்சம் சிரித்த முகமாக இரு. உன் முகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்கிறவனுக்கே பயம் வரும்.

எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்? சைக்கிளை ரோட்டில் ஓட்டச் சொல்வார்களா, மைதானத்தில் எட்டுப் போடச் சொல்வார்களா? விசாரித்து எழுது. பொங்கலுக்கு லீவு கிடைப்பது சந்தேகம்தான். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் அண்ணன்,
குமரேசன்


சின்னேரிப்பட்டு
டிசம்பர் 30

அண்ணனுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன்.

சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். ஆம்பிளை போனால் எவனாவது சிரிக்கச் சொல்வானா? பொதுமக்களுக்குச் சேவை என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒரு சேவையும் இல்லை. வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் என்னிடம் வந்து, "அம்மா, சார் இருக்கறாருங்களா" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை வேண்டும். இதை அங்கே சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் நானே ஏற்பாடு செய்துகொண்டேன். செங்கம் ரோட்டில், நான் பில் போடும் கஃபேக்குப் பக்கத்தில் கலீல் ரஹ்மான் பாய் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போவார்கள். அவர் மகள் ஜஹானாரா எனக்குத் தோழி. கடை திறப்பதற்கு முன்னால் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போகிறோம். அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். செருப்பில்லாமல் நடக்கிற பக்தர்கள் திட்டுகிறார்கள். "சாமி சுத்தற எடத்துல சர்க்கஸ் பண்ணிக்கினு இருக்குதுங்க" என்று ஒரு அம்மா சொன்னாள். ஜஹானாரா அவளிடம், "நீங்க மோட்சத்துக்குச் சுத்தறீங்க, இவ வேலைக்குச் சுத்தறா, ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் முடியாது, பாதை முழுக்கக் கூட்டம்.

முழங்கை இரண்டும் தோலுரிந்துவிட்டது. அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். இவ்வளவு நாளாக அவர் என் எதிரில் இப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. அம்மா மஞ்சள் வைத்துவிட்டாள், ஆனால் அவளும் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மைதானத்தில் எட்டுத்தான் போட வேண்டுமாம். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எல்லாரையும் நான் ஏன் எண்ண வேண்டும்? உன் எழுத்து கோணல் இல்லை, கோடு போட்ட தாளிலேயே மலையேறுகிறது. கொஞ்சம் தூங்கு.

தேவிப்ரியா


ஒரகடம்
ஜனவரி 19

அன்புத் தேவிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. கரும்பு எனக்காக வைத்திருக்க வேண்டாம், காய்ந்துபோகும், சாப்பிட்டுவிடு.

எட்டுப் போடுவது பற்றி ஒன்று சொல்கிறேன். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதே. எங்கே திரும்ப வேண்டுமோ அந்த இடத்தைப் பார். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். கண் சரியாக இருந்தால் போதும், கால் தானாக வேலை செய்யும்.

நன்றாகச் செய். யார் வந்து நின்றாலும் நீ பாட்டுக்கு உன்னுடையதைச் செய்துவிட்டு வா.

குமரேசன்


சின்னேரிப்பட்டு
பிப்ரவரி 4

குமரேசனுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. உன் நலத்தை நான் கேட்கவில்லை. நேற்றுத்தான் பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறாய்.

தாலுகா ஆபீஸ் மரத்தடியில் எல்லாரோடும் உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். "சின்னேரிப்பட்டு, தருமன் மகள் தேவிப்ரியா." எழுந்து நின்றேன். அடுத்தது, "சின்னேரிப்பட்டு, தருமன் மகன் குமரேசன்." நம் ஊரில் இன்னொரு தருமன் யாரடா என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் நீ நிற்கிறாய், இஸ்திரி போட்ட சட்டையோடு. பக்கத்தில் அப்பா, கையில் டிபன் டப்பாவோடு.

அந்த டப்பாவில் இருந்தது அம்மா காலையில் அவித்த இட்லி. அப்பாவுக்குக் கழனிக்கு என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தாள். பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை என்று நான் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நேராக அப்பாவிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லை அவருக்கு. "வீட்ல ரெண்டு பேரு போட்டா ஒருத்தருக்காவது விழும். ரெண்டு சீட்டு கட்டறதில்ல? அந்த மாதிரிதான். இதுல இன்னா கோவம்" என்றார். இருப்பது ஒரே இடம். எனக்கு விழுந்தால் உனக்கு இல்லை, உனக்கு விழுந்தால் எனக்கு இல்லை. இதில் எங்கே இரண்டு சீட்டு?

நீ எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். காட்டன் புடவை, ஒரே வணக்கம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டாய், மைதானமா ரோடா என்று என்னிடமே விசாரித்து வாங்கினாய். உளவு சொல்லி வந்திருக்கிறேன், நான் ஒரு முட்டாள். நீ வேலையை வைத்துக்கொண்டு எதற்கு இதற்கு வந்தாய்? கம்பெனி வேலை கசந்துவிட்டதா?

நான் நன்றாகவே செய்தேன். தடுமாறாமல் வாசித்தேன். எட்டில் கால் ஊன்றவில்லை. நீ வாசித்ததையும் கேட்டேன். தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடவித் தடவி வாசித்தாய். அப்புறம் சைக்கிள். இரண்டு பக்கமும் பால் கேனோடு ஏரிக்கரை வரப்பில் கையை விட்டுவிட்டு ஓட்டியவன், வட்டம் திரும்பும்போது இடது பக்கம் வைத்திருந்த செங்கல்லில் நேராகப் போய் மோதி விழுந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, "வேணும்னே உழறான் பாரு, தங்கச்சிக்கு விட்டுக் குடுக்கறானாம்" என்றார்.

மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாய். உன் இடது பக்கம் கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பார்க்காததுபோலப் போனாய். அவ்வளவு நடிப்பு எங்கே கற்றுக்கொண்டாய்?

தேவிப்ரியா


ஒரகடம்
பிப்ரவரி 20

தேவிக்கு,

நலம் என்று எழுதினால் அதற்கும் கோபப்படுவாய், அதனால் விடுகிறேன்.

விண்ணப்பம் போட்டது அப்பா. வா வா என்று தினமும் போன் செய்தார், வந்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் எழுதியதெல்லாம் நீ ஜெயிக்கத்தான் எழுதினேன், இதை நம்பினால் நம்பு. விழுந்தது பற்றி ஒன்றும் கேட்காதே.

குமரேசன்


சின்னேரிப்பட்டு
மார்ச் 6

அண்ணனுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. ஆர்டர் கையில் வந்துவிட்டது. என் பெயர்தான். அம்மா நலம், அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நலம்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் வயிறு எரிகிறது. ஏன் என்று கேள்.

ஆர்டர் வந்த அன்று அம்மாவோடு தெருவெல்லாம் கேசரி கொடுக்கக் கிளம்பினேன். முதல் வீட்டில் கஸ்தூரி அக்கா கேசரியை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் சொல்கிறாள், "கொடுத்து வச்சவ நீ. இந்தக் காலத்துல எந்த அண்ணன் தங்கச்சிக்காக வேணும்னே உழுவான்?" அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. டீக்கடையில் அதே பேச்சு. பால் சொசைட்டியில், "கொமரேசன் மனசு யாருக்கு வரும்" என்றார்களாம். மாரியம்மன் கோயில் பூசாரி எனக்கு விபூதி கொடுத்துவிட்டு, "அண்ணன் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணும்மா" என்றார். முதலில் உன்னைத் திட்டிய அப்பாகூட இப்போது நாலு பேர் எதிரில் பெருமையாக மீசையைத் தடவுகிறார்.

முழங்கை தோலுரிந்தது எனக்கு. இருட்டு விலகுவதற்கு முன்னால் எழுந்து பஸ் பிடித்தது நான். ஜஹானாரா என் பின்னால் மூச்சிரைக்க ஓடினாள். பெயர் மட்டும் உனக்கு. வேலை என் கைக்கு வந்தும் நீ கொடுத்ததாக ஆகிவிட்டது. நீ ஒழுங்காக ஓட்டியிருந்தால் உன்னைத் தோற்கடித்திருப்பேன் அண்ணா. நிச்சயமாகத் தோற்கடித்திருப்பேன். இனி அதை யாரிடமும் சொல்ல முடியாது, எனக்கே உறுதியாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. யார் கேட்டார்கள் உன் தர்மத்தை?

ஒரே கேள்வி. வேண்டுமென்றே விழுந்தாயா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. சமாளிக்காமல் எழுது.

தேவிப்ரியா


ஒரகடம்
மார்ச் 18

அன்புத் தேவிக்கு,

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. மாறன் மெஸ்ஸில் எல்லாருக்கும் பாயசம் ஊற்றினான்.

இல்லை. வேண்டுமென்று விழவில்லை.

நீ கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன். தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் கிரைண்டிங் மிஷினில் நின்றுகொண்டிருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, இருந்த ஒன்றும் உடைந்தது, கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண்ணில் ஏறிவிட்டது. கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். கண் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் தெரிகிறதே தவிர உருவம் தெரியவில்லை, வாசிக்க உட்கார்ந்தால் வலது கண்ணும் கலங்குகிறது. இடது கண்ணில் இனிமேல் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்றான் கான்ட்ராக்டர். கம்பெனிக்குள் நடந்ததாக வெளியே சொல்லாதே என்றும் சொன்னான். நைட் ஷிப்ட் என்று உனக்கு எழுதியதெல்லாம் பொய். மாறனோடு மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று உண்மையாகவே ஓட்டினேன், தேவி. வேலை வேண்டும் என்றுதான் ஓட்டினேன். செங்கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. நீ நின்றதும் தெரியவில்லை. நீ என்னைத் தோற்கடித்துவிட்டாய். போதுமா?

இதை அப்பாவிடம் சொல்லாதே. ஊரில் யாரிடமும் சொல்லாதே. விட்டுக்கொடுத்தான் என்றே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே, நான் சொல்வதை மட்டும் கேள்.

உன் அண்ணன்,
குமரேசன்


சின்னேரிப்பட்டு
மார்ச் 27

அண்ணா,

நீ நலமில்லை என்று தெரிந்த பிறகு நலமா என்று எப்படிக் கேட்பது? இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தைக் கழனியில் வைத்துப் படித்தேன். அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. அந்தக் கான்ட்ராக்டர் மேல், உன் மேல், என் மேல். எல்லாவற்றையும்விட, இப்படி ஒன்று நடந்திருக்கும்போது டீக்கடையில் மீசையைத் தடவுகிறாரே, அவர் மேல். நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் சொல்லிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மறுபடியும் ஆரம்பித்தார். "அவன் மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா" என்றார். என்னால் அடக்க முடியவில்லை. "அவன் ஒழுங்காத்தான் ஓட்டினான். கண்ணு போயிட்டுது, அதான் உழுந்தான். நான் ஜெயிச்சேன், அவன் தோத்தான், யாரும் யாருக்கும் ஒண்ணும் விட்டுக் குடுக்கல" என்றேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் கேட்டு வந்த ஜஹானாராவும் நானும் அவளை மாறி மாறிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா அன்று ராத்திரி பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். மறுநாள் மாட்டைக் கட்டிவிட்டு வந்து என் எதிரில் நின்றார். ஒரு வார்த்தையாவது சொல்வார், நல்லாச் செய்தாய் என்று வேண்டாம், சரி என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது. "ஒத்தக் கண்ண வச்சிக்கினு அவன் எங்க போயிப் பொழைப்பான்? நீ கட்டிக்கினு போறவ. இந்த வேலய அவனுக்கு எழுதிக் குடுத்துடு."

வேலை என்ன புடவையா அண்ணா, அவிழ்த்து இன்னொருவருக்குக் கட்டிவிட? அப்படியெல்லாம் எழுதிக்கொடுக்க முடியாது என்றேன். கலெக்டர் ஆபீஸில் சொல்லி வாங்கலாம், நான் மனமுவந்து விலகினால் போதும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மாவும் என் முகத்தைப் பார்க்கிறாள். வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் பார்க்கிறாள். அதுதான் தாங்கவில்லை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நீயும் அதைத்தான் நினைக்கிறாயா? நேராகச் சொல்.

தேவிப்ரியா


ஒரகடம்
மார்ச் 31

தேவி,

முறையெல்லாம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்று வந்தது, திங்கட்கிழமை நேற்றோடு போய்விட்டது. நீ சேர்ந்துவிட்டாயா இல்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன். போன் செய்தால் போகவில்லை. உன் பிளாக்கைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடு.

சொல்லாதே என்று சொன்னேனே, கேட்டாயா? ஏன் சொல்லாதே என்றேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? அப்பாவை உனக்குத் தெரிவதைவிட எனக்குத் தெரியும். எது வந்தாலும் என் கையில் வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். விட்டுக்கொடுத்தான் என்று ஊர் சொன்னால், கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், அவராலும் வெட்கப்பட்டுக் கேட்க முடியாது. கண் போனவன் தோற்றுவிட்டான் என்று தெரிந்தால் மறுநாளே உன்னிடம் வந்து நிற்பார். நின்றாரா இல்லையா?

உனக்கு நான் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நல்ல பெயர் என் மேல் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன் பார், நான் செய்தது அது ஒன்றுதான். அதையும் உடைத்துவிட்டாய். எனக்கு இவ்வளவு கோபம் எப்போதும் வந்ததில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டாம். கலெக்டரே கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். அப்பாவிடமும் போனில் இதையே சொல்லிவிட்டேன். கேட்கிற ஆளா அவர்? நீ விலகல் எழுதிக் கொடுத்தாய் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். இன்னும் சேரவில்லை என்றால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் எழுந்து போய்ச் சேர்.

குமரேசன்


சின்னேரிப்பட்டு
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா எழுந்து நடமாடுகிறாள். உன் கண்ணைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கண்ணில் வலி இருக்கிறதா என்று எழுது, எனக்கும் தெரிய வேண்டும்.

உன் கடிதத்துக்காக நான் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டேன். நீ அதைத்தான் நினைக்கிறாயா என்று உன்னைக் கேட்டது தப்பு. நீ திட்டியதை நாலு தடவை படித்தேன். நீ சொல்வது சரி, நான் சொன்னதும் சரி. உன் பொய்யின் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க என்னால் முடியாது அண்ணா. அதற்காக நீ எத்தனை கடிதம் கோபமாக எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நேற்று காலை வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு வந்தார். பட்டா மாற்றத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், அவரும் வரிசையில் நின்றார். மனுவை வாங்கிப் பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. அவர் முறை வந்தது. மடித்த தாளை நீட்டினார். யாரையோ வைத்து எழுதியது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்காது. எல்லாருக்கும் செய்வதுபோலத்தான் செய்தேன். சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"என் மகள் தேவிப்ரியா குடும்ப நலன் கருதி மனமுவந்து தன் பணியைத் துறக்கச் சம்மதித்துள்ளார்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கஸ்தூரி அக்காவும் இருந்தாள். கடைசிவரை படித்துவிட்டுக் கேட்டேன், "சம்மதிச்சேன்னு எழுதியிருக்குதே, நான் எப்ப சம்மதிச்சேன்? தெரிஞ்சா சொல்லுங்க, தேதி போட்டுக்கறேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாளை நான் இறக்கவில்லை.

சத்தம் கேட்டு வி.ஏ.ஓ. வெளியே வந்தார். "யாரும்மா இவரு, இன்னா விஷயம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க சார். பொண்ணு வேலைல சேந்துக்கீது, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அப்படியே போய்விட்டார். மனசு மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன், மாறவில்லை. நாலு பேர் எதிரில் அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு இப்போதைக்கு அது போதும். அவலூர்பேட்டைக்காரர்களுக்கு வைகாசியில் ஒன்றும் இல்லை என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டாள்.

இனி உன் விஷயம். வெங்காயம் உரித்தது போதும், கிளம்பி வா. ஆஸ்பத்திரிச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை எதையும் தூக்கிப் போட்டுவிடாதே. கண்ணாடி கேட்டபோது நாளைக்கு நாளைக்கு என்றவன் பெயர், பக்கத்தில் நின்றவர்கள் பெயர், எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டு வா. தொழிலாளர் ஆபீஸுக்கு எப்படி மனு எழுதுவது என்று கேட்டு வைத்திருக்கிறேன். நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், கையெழுத்து நீ போடு. வெளியே சொல்லாதே என்றானாமே அந்தக் கான்ட்ராக்டர், அவன் எதிரில் நின்று அந்த மனுவையும் நானே சத்தமாகப் படிக்கிறேன்.

இத்தனை மாதமாக நம் வீட்டுக்குள்ளேயே கோபப்பட்டுத் தொலைத்துவிட்டேன். இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. சீக்கிரம் வா.

உன் தங்கை,
தேவிப்ரியா